அறியாமை இல்லை, அலுப்புதான்!

நடுவர் ஐயா அவர்களே! எதிரணியிலே உட்கார்ந்து இவ்வளவு நேரமும் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிற நண்பர்களே! ஏரிக்கரைக் காற்றை விட்டுவிட்டு இந்தப் பந்தல் புழுக்கத்திலே வந்து அமர்ந்திருக்கிற உத்திரமேரூர்ப் பெரியோர்களே, தாய்மார்களே! 

'கொரோனா காலத்திலே மக்கள் கட்டுப்பாட்டை மீறியதற்குப் பெரிதும் காரணம் அறியாமையா, அலுப்பா?' என்பது தலைப்பு. அலுப்பே என்று பேச வந்திருக்கிறேன். இங்கே அலுப்பு என்றால் வயல்வேலை செய்து வருகிற உடம்பு அலுப்பு இல்லை. அது தூங்கினால் போய்விடும். நான் பேசுவது மன அலுப்பு. சலிப்பு என்றும் சொல்லலாம். ஆனா வீட்டுல பிள்ளைங்க யாராவது 'அப்பா, எனக்குச் சலிப்பாக இருக்கிறது'ன்னு சொல்லுதா? 'போரடிக்குது'ங்குது.

இந்த வார்த்தையைக் கேட்டா எங்க ஊர்க்காரனுக்குச் சிரிப்பு வரணும். எங்க தாத்தா காலத்திலே போரடிக்கிறதுன்னா களத்துமேட்டு வேலை. நெற்கட்டை அடிச்சு, மாட்டைப் பூட்டி மிதிக்கவிட்டு, காத்து பார்த்துத் தூத்தி, மூட்டை பிடிக்கிற வேலை. நவரை அறுப்பு நேரத்திலே 'என்னப்பா பண்றே?'ன்னு கேட்டா 'போரடிக்கிறேன்'பான். மூச்சுவிட நேரமில்லைன்னு அர்த்தம். இன்னைக்கு அவன் பேரன் திண்ணையிலே படுத்துக்கிட்டு 'போரடிக்குது'ங்கிறான். செய்ய ஒண்ணுமே இல்லைன்னு அர்த்தம். வேலை இருந்த காலத்திலே நாம போரை அடிச்சோம். வேலை இல்லாத காலத்திலே போர் நம்மை அடிக்குது, நடுவர் அவர்களே! (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? ஜனங்களுக்குக் கிருமி என்றால் என்னவென்று தெரியவில்லை, தெரிந்திருந்தால் வீட்டிலேயே இருந்திருப்பார்கள் என்றார். நான் கேட்கிறேன், எதுய்யா தெரியாம இருந்தது? 2020 மார்ச்சிலே யாருக்குப் போன் போட்டாலும் முதல்லே இருமல் சத்தம். அப்புறம் ஓர் அம்மா வந்து கையைக் கழுவு, முகத்தை மூடு என்று ஒப்பித்தார்கள். சம்பந்தி வீட்டுக்குப் போன் பண்ணினாலும் இருமல், சாவு சேதி சொல்லப் பண்ணினாலும் இருமல். அதைக் கேட்டுக் கேட்டே எங்க தெருவிலே நாலு வயசுப் பையன் முழுப்பாட்டையும் மனப்பாடமாகச் சொல்லுவான். எத்தனை நொடி கை கழுவணும் என்று சோறு போடுகிற பாட்டிக்குக் கணக்குப் போட்டுக் காட்டுவான். அறியாமையாம்!

சரி, நம்ம கிராமத்தான் படிக்காதவன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போது இங்கிலாந்துப் பிரதமராக இருந்த போரிஸ் ஜான்சன் படிக்காதவரா? வீட்டை விட்டு வெளியே வராதே, கூட்டம் கூடாதே என்று சட்டம் போட்டவரே அவர்தான். 2020 ஜூனிலே அவர் அலுவலகத்திலேயே பிறந்தநாளுக்குக் கூடினார்கள் என்று 2022 ஏப்ரலிலே போலீஸ் அவருக்கே அபராதம் போட்டது. சட்டத்தை எழுதினவருக்கே அந்தச் சட்டம் தெரியாது என்று எதிரணி சொல்லுமானால் நான் இப்போதே உட்கார்ந்துவிடுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். ஊரடங்கிலே வெளியே வந்தவன் எல்லாம் அலுத்துப்போய் வந்தவன் இல்லை. வேலையும் கூலியும் நின்றுபோய், குழந்தையைத் தோளிலே போட்டுக்கொண்டு நூற்றுக்கணக்கான மைல் நடந்தானே, வடநாட்டுத் தொழிலாளி, அவன் பசியிலே வந்தான். கல்குவாரியிலேயும் செங்கல் சூளையிலேயும் இருந்தவனுக்கு அன்றாடச் சோறே பிரச்சினை. அவர்களை நான் இந்தக் கணக்கிலே சேர்க்க மாட்டேன். சேர்ப்பது பாவம். நான் பேசுவது வீட்டிலே அரிசி இருந்தது, ரேஷன் கார்டு இருந்தது, டிவி இருந்தது, இருந்தும் வெளியே வந்தானே, அவனைப் பற்றி.

அவன் எப்படி வந்தான் என்று எல்லாரும் பார்த்திருக்கிறோம். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாளைக்கு மூன்று தரம் பால் வாங்கப் போவார். பசுவே இரண்டு தரம்தான் கறக்கும்! (சிரிப்பு) செக்போஸ்டிலே ஒரு பெரியவரை ஏட்டையா மடக்கினார். 'எங்கே பெரியவரே?' 'மாத்திரை வாங்கணும் ஐயா.' 'என்ன மாத்திரை?' 'அதைக் கடைக்குப் போய்த்தான் கேக்கணும் ஐயா!' (சிரிப்பு) இவருக்கு என்ன நோய்? வெளியே போக ஒரு காரணம் வேண்டும் என்கிற நோய்.

இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அமெரிக்காவிலே விர்ஜீனியா பல்கலைக்கழகத்திலே ஒரு சோதனை செய்து 2014இலே வெளியிட்டார்கள். ஓர் ஆளைத் தனி அறையிலே உட்கார வைத்தார்கள். புத்தகம் இல்லை, போன் இல்லை. பதினைந்து நிமிஷம் சும்மா இருந்தால் போதும். பக்கத்திலே ஒரு பொத்தான். அதை அழுத்தினால் லேசாக ஷாக் அடிக்கும். அந்த ஷாக்கை முன்னாடியே அனுபவித்துப் பார்த்து, 'இது வேண்டாம், இதுக்குப் பதிலா காசு கொடுத்துடறேன்' என்று சொன்ன ஆட்கள்தான் இவர்கள். என்ன நடந்தது? 18 ஆண்களிலே 12 பேர் தாங்களே பொத்தானை அழுத்தி ஷாக் வாங்கிக்கொண்டார்கள். பெண்களிலே 24க்கு 6 பேர். ஓர் ஆள் மட்டும் 190 தரம் அழுத்தியிருக்கிறான்! (சிரிப்பு) சும்மா இருப்பதைவிடச் சுரீர் என்று வாங்குவது மேல் என்று நினைக்கிறது மனித மனசு. கால் மணி நேரத்துக்கே இந்தக் கதி. நாம் போட்டது 21 நாள்.

பசி என்பது என்ன? வயிறு காலி, எதையாவது போடு என்று உடம்பு அடிக்கிற மணி. சலிப்பும் அப்படி ஒரு மணிதான். மனசுக்கு வேலை இல்லை, எதையாவது கொடு என்று அடிக்கிறது. அது சோம்பேறித்தனம் இல்லை. சோம்பேறிக்கு ஒன்றும் செய்யாமல் இருப்பது சுகம். சலித்தவனுக்கு அதுவே சித்திரவதை. ஏதாவது செய்தே ஆகணும் என்கிற தவிப்பு, ஆனால் எதைச் செய்வது என்று தெரியவில்லை. பசித்தவன் கண்டதையும் தின்பான் இல்லையா? சலித்தவன் கண்டதையும் செய்வான். கனடாவிலே வாட்டர்லூ பல்கலைக்கழகத்திலே ஜேம்ஸ் டேங்கர்ட் என்கிற உளவியல் பேராசிரியரும் அவருடைய கூட்டாளிகளும் இந்தக் கொரோனா காலத்திலேயே ஆராய்ந்தார்கள். எளிதில் சலித்துப்போகிற சுபாவம் யாருக்கு இருக்கிறதோ, அவர்கள்தான் கட்டுப்பாட்டை அதிகம் மீறியிருக்கிறார்கள் என்று 2021இலே எழுதினார்கள்.

கனடா தூரம் என்றால் விஜயவாடாவுக்கு வாருங்கள். கிருஷ்ணா ஆற்றங்கரையிலே கிருஷ்ணலங்கா என்று ஒரு பகுதி. 2020 ஏப்ரல் மாதம். ஒரு லாரி டிரைவர் ஊர் திரும்பினார். வீட்டிலே இருக்கணும். பொழுது போகவில்லை. நண்பர்களைக் கூப்பிட்டுச் சீட்டாடினார். வீட்டுப் பெண்கள் அக்கம்பக்கத்தாரோடு தம்போலா ஆடினார்கள். 24 பேருக்குத் தொற்று! நான் சொல்லவில்லை, அந்த மாவட்டக் கலெக்டரே அறிவித்தார். அதே மாதம் தெலங்கானாவிலே சூர்யாபேட்டையிலே ஓர் அம்மா, அஷ்ட சம்மா ஆடியதிலே 31 பேருக்குப் பரவியது என்று செய்தி வந்தது. அஷ்ட சம்மா என்றால் வேறொன்றுமில்லை, நம்ம தாயம் மாதிரிதான். கட்டம் போட்டுக் காய் நகர்த்துகிற ஆட்டம். தாயம் விழுந்தால்தான் உள்ளே நுழையலாம் என்பது விதி. அங்கே கொரோனா தாயம் போடாமலே உள்ளே நுழைந்துவிட்டது.

திருப்பூர்ப் பக்கம் போலீஸ் டிரோன் பறக்கவிட்டுப் படம் பிடித்ததே, ஞாபகம் இருக்கிறதா? மரத்தடியிலே கேரம் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் சிதறி ஓடினார்கள். முகம் தெரியக்கூடாது என்று கேரம் போர்டையே தூக்கி முகத்தை மூடிக்கொண்டான் ஒருத்தன். தமிழ்நாடே பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் யோசித்தால், அந்தப் பையனுக்குச் சட்டம் தெரியும், போலீஸ் தெரியும், முகத்தை மூடணும் என்பதும் தெரியும். எதிலே மூடுவது என்பதிலேதான் குழப்பம்! (சிரிப்பு) 

இப்போ நம்ம மாவட்டத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டிலேயே முதல் நோயாளி யார்? 2020 மார்ச் 7ஆம் தேதி அறிவித்தார்களே, ஓமன் நாட்டிலிருந்து திரும்பிய காஞ்சிபுரத்துக்காரர். ஆக நம்ம மாவட்டத்தான் இது சீனாக்காரன் நோய் என்று அலட்சியமாக இருக்க முடியாது. பயம் இருந்தது. ஊரடங்கு போட்ட முதல் வாரத்திலே தமிழ்நாட்டிலே எத்தனையோ கிராமங்களிலே வேலிமுள்ளை வெட்டிப் போட்டு ஊர் எல்லையை அடைத்தார்கள். குடத்திலே மஞ்சள் தண்ணி, மேலே வேப்பிலை. எங்கள் கிராமத்திலேயும் அடைத்தோம். காவலுக்கு யார் நின்றார்கள்? ஒரகடம் பக்கம் கம்பெனி வேனிலே வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பையன்கள்தான். கம்பெனி மூடிவிட்டது. ராத்திரி பகல் ஷிப்ட் போட்டு நின்றான்கள். 'யார் அது? எங்கிருந்து வர்றீங்க? கையைக் கழுவுங்க!' மாமனே வந்தாலும் விடவில்லை. எட்டுப் பேர் ஒரே கயிற்றுக்கட்டிலிலே நெருக்கி உட்கார்ந்து சமூக இடைவெளியைக் காவல் காத்தார்கள் என்பது வேறு விஷயம்! (சிரிப்பு) ஆனால் அந்த மூன்று வாரம் அவர்கள் ஊரைவிட்டு அசையவில்லை.

அப்புறம் தாசில்தார் ஆபீசிலிருந்து வந்து, ஆம்புலன்ஸ் போகணும், பால் வண்டி போகணும், முள்ளை எடுங்க என்றார்கள். நியாயம்தான், எடுத்தோம். மறுநாளிலிருந்து அந்த எட்டுப் பேரும் எங்கே? ஏரிக்கரையிலே, புளியமரத்தடியிலே, பம்புசெட்டிலே. நேற்றுவரை அடுத்தவனை மறித்த ஆள் இன்றைக்கு வேட்டியை மடித்துக் கட்டிச் சீட்டைக் கலைக்கிறான். ஒரே ராத்திரியிலே அறிவு மங்கிவிட்டதா, ஐயா? வேலை போய்விட்டது, அவ்வளவுதான். அதே தெருவிலே நாலு மாடு வைத்திருக்கிறவர் புளியமரத்துப் பக்கமே வரவில்லை. அவர் பெரிய சுகாதார ஞானி இல்லை. விடியற்காலை கறவை, அப்புறம் புல், அப்புறம் தண்ணி காட்டணும், சாயந்தரம் மறுபடி கறவை. கொரோனாவுக்கு அவரைப் பிடிக்க நேரம் கிடைக்கவில்லை.

இதைவிடப் பழைய சாட்சி ஒன்று நம்ம வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, நடுவர் அவர்களே. தாய்மார்களுக்கு நன்றாகத் தெரியும். வீட்டிலே அம்மை வார்த்திருந்தால் என்ன செய்கிறோம்? வாசலிலே வேப்பிலைக் கொத்து. அதைப் பார்த்தால் வெளியாள் உள்ளே வரமாட்டான். வீட்டு ஆள் இன்னொரு வீட்டுக்குப் போகமாட்டான். கல்யாணம், கருமாதி எதுக்கும் போகமாட்டான். இதுதானே தனிமைப்படுத்தல்? எந்தப் போலீஸ் வந்து நின்றது? எந்த டிரோன் பறந்தது? எப்படி அவ்வளவு ஒழுங்காக இருந்தோம்?

சாமி பயம் என்று எதிரணி சொல்லும். பயம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பயத்தோடு கூடவே வேலையும் இருந்தது. தினம் புது வேப்பிலை பறிக்கணும். படுக்கையிலே பரப்பணும். அரிப்பெடுத்தால் சொறியவிடாமல் வேப்பிலைக் கொத்தாலே தடவிக்கொண்டே உட்கார ஓர் ஆள் வேணும். கூழ் காய்ச்சணும், மோர் கடையணும், இளநீர் வெட்டணும். தாளிக்கக்கூடாது, வறுக்கக்கூடாது. அதனால் சமையலே தனிச் சமையல். விளக்கு வைத்ததும் ஒருத்தர் மாரியம்மன் தாலாட்டு படிக்கணும், மற்றவங்க கேக்கணும். இறங்கினதும் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலிலே வைத்த தண்ணியைத் தலைக்கு ஊத்தணும். முதல் தண்ணி, ரெண்டாம் தண்ணி, மூணாம் தண்ணி. மூணாம் தண்ணி ஊத்தினா முடிஞ்சுது. இதுதான் முக்கியம்: எப்போ முடியும் என்று எல்லாருக்கும் தெரியும். படுத்திருக்கிற குழந்தையே கேட்கும், 'ஆயா, நாளைக்கு எத்தனாவது தண்ணி?' என்று.

இந்தப் பழக்கத்தை முழுசாக மெச்ச நான் வரவில்லை. அம்மை குத்துகிறவர் தெருவுக்குள்ளே வந்தால் குழந்தையைக் குதிருக்குப் பின்னாலே ஒளித்து வைத்ததும் இதே ஆயாக்கள்தான். பெரியம்மையை ஒழித்தது வேப்பிலை இல்லை, தடுப்பூசி. 1975இலே கடைசி நோயாளியைக் கண்டு, 1977இலே இந்தியாவிலே ஒழிந்தது என்று சான்று கொடுத்தார்கள். ஆனால் மனுஷனை வீட்டுக்குள்ளே வைத்திருக்கிற வித்தை அந்தப் பாட்டிகளுக்குத் தெரிந்திருந்தது. 'வெளியே போகாதே' என்று ஒரு வார்த்தை சொன்னால், 'உள்ளே இதைச் செய்' என்று பத்து வார்த்தை சொன்னார்கள்.

2020இலே நமக்குச் சொன்னது என்ன? போகாதே. தொடாதே. கூடாதே. நிற்காதே. எல்லாமே 'ஆதே'! (சிரிப்பு) செய் என்று சொன்னது ரொம்பக் குறைவு. மார்ச் 22ஆம் தேதி சாயந்தரம் கை தட்டச் சொன்னார்கள். ஏப்ரல் 5ஆம் தேதி ராத்திரி ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிஷம் விளக்கு ஏற்றச் சொன்னார்கள். அதைக் கேலி செய்தவர்கள் உண்டு. நான் ஒன்றை மட்டும் கவனித்தேன். செய்யச் சொன்னதை ஜனங்கள் எவ்வளவு ஆசையாகச் செய்தார்கள்! சில ஊர்களிலே அளவுக்கு மீறிச் செய்து, தட்டைத் தட்டிக்கொண்டு தெருவிலே ஊர்வலமே போனார்கள். எதற்காக வீட்டிலே இருக்கச் சொன்னார்களோ அதுவே கெட்டது. மார்ச் 28இலே தூர்தர்ஷன் பழைய ராமாயணத்தைத் திரும்பப் போட்டதே, ஏன்? மேலே இருக்கிறவர்களுக்கும் இந்த மணிச்சத்தம் கேட்டிருக்கிறது. ஆனால் ரெண்டு மணி நேரம் ராமர் பார்த்துக்கொள்வார், மிச்சம் இருபத்திரண்டு மணி நேரத்தை யார் பார்ப்பது?

இது யாருக்கும் தெரியாத ரகசியமும் இல்லை. லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள், பழைய தொற்றுநோய்க் காலங்களிலே தனிமைப்படுத்தப்பட்டவர்களைப் பற்றி வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 'லான்செட்' மருத்துவ இதழிலே எழுதினார்கள். எப்போ? 2020 பிப்ரவரி கடைசியிலே. நம்ம ஊரடங்குக்கு ஒரு மாசம் முன்னாடி! அதிலே சொன்ன யோசனைகள்: எவ்வளவு குறைந்த நாள் முடியுமோ அவ்வளவு வையுங்கள், சாமான் கொடுங்கள், விவரம் சொல்லுங்கள், சலிப்பைக் குறையுங்கள். சலிப்பைக் குறைக்கச் சொன்னது டாக்டருங்க, நடுவர் அவர்களே, பட்டிமன்றக்காரன் இல்லை.

முடிவு தெரிவது பற்றிச் சொன்னேன். நமக்கு நடந்தது என்ன? முதல்லே ஏப்ரல் 14 என்றார்கள். அப்புறம் மே 3. அப்புறம் மே 17. அப்புறம் மே 31. அதற்கும் அப்புறம் மாசாமாசம் நீட்டிப்பு. புது நோய், யாருக்கும் கணக்குத் தெரியாது, நீட்டியதிலே குற்றமில்லை. ஆனால் மனசு என்ன செய்யும்? பஸ் பத்து நிமிஷத்திலே வரும் என்றால் நிற்போம். வரும் வரும் என்று ஒரு மணி நேரம் ஓட்டினால் நடக்க ஆரம்பித்துவிடுவோம். இத்தாலியிலே ஆய்வு செய்தவர்கள் இதையே கண்டார்கள். எதிர்பார்த்ததைவிட ஊரடங்கு நீளும் என்றால், இன்னும் கட்டுப்பாடாக இருக்கிறேன் என்று சொல்கிறவர்கள் குறைந்துபோனார்களாம். 2020 அக்டோபரிலே உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் இதற்குப் பெயரே வைத்துவிட்டது: பெருந்தொற்று அயர்ச்சி. ஜனங்களைத் திட்டாதீர்கள், அவர்களையும் வேலையிலே சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அரசாங்கங்களுக்கு யோசனையும் சொன்னது.

இவ்வளவு நேரம் சிரித்தோம். இப்போது சொல்லப்போவது சிரிக்கிற விஷயம் இல்லை.

எங்கள் தெருவிலே ஓர் ஆயா இருந்தார்கள். எழுபது தாண்டினவர்கள். பிள்ளைகள் மெட்ராசிலே, இவர்கள் தனியாக. வாசலிலே நல்ல அகலத் திண்ணை. 2021 ஏப்ரல், மே. ரெண்டாவது அலை. தமிழ்நாட்டிலே மே 21ஆம் தேதி ஒரு நாளில் மட்டும் 36,184 பேருக்குத் தொற்று. மே 10 முதல் ஊரடங்கு, 24இலிருந்து தளர்வே இல்லாத ஊரடங்கு. கம்பெனிப் பையன்கள் மறுபடி தெருவிலே. அந்தத் திண்ணையிலே தாயம் ஆரம்பமாயிற்று. பையன்கள் தேடிப்போகவில்லை. ஆயாதான் கூப்பிட்டார்கள். 'வாங்கடா, நீங்களும் வரலைன்னா எனக்குப் பொழுதே போவாது' என்றார்கள்.

அறியாமை என்கிறீர்களே, கேளுங்கள். அந்த அம்மா வாசலிலே ஒரு வாளித் தண்ணியும் ஒரு லைஃபாய் சோப்பும் வைத்திருந்தார்கள். கையைக் கழுவாமல் எவனும் திண்ணை ஏற முடியாது. நுரை வந்ததா என்று பார்ப்பார்கள். ஒழுங்காகத் தேய்க்காதவனைத் திருப்பி அனுப்புவார்கள். எல்லாம் கழுவி முடித்து, ஆறு பேரும் முட்டிக்கு முட்டி ஒட்டி உட்கார்ந்து, குனிந்து, 'தாயம்! தாயம்!' என்று மூஞ்சிக்கு மூஞ்சி கத்துவார்கள். நான் ஒரு நாள் போய், 'ஆயா, தள்ளி உட்காருங்க' என்றேன். 'எல்லாம் தெரியும் வாத்தியாரே. சும்மா சுவத்தைப் பார்த்துக்கினு ஒக்காந்தா கொரோனா வராட்டியும் நான் செத்துடுவேன்' என்றார்கள்.

பத்து நாளிலே ஒரு பையனுக்குக் காய்ச்சல். அவன் எழுந்துவிட்டான். அப்புறம் ஆயாவுக்கு. ஐந்தாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. பிள்ளைகள் வந்தபோது உடம்பைத் துணியிலே சுற்றிவிட்டிருந்தார்கள். ஊரார் யாரும் கிட்டே போக முடியவில்லை. அந்த ஆறு பையன்களும் ஏரிக்கரை மேட்டிலே தள்ளித் தள்ளி நின்று பார்த்தான்கள். அன்றைக்குத்தான் சரியான இடைவெளி விட்டு நின்றான்கள்.

அந்த அம்மாவுக்கு எதைத் தெரியவைத்திருந்தால் பிழைத்திருப்பார்கள்? இன்னொரு நோட்டீசா? இன்னொரு இருமல் பாட்டா? அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒரு வேலை. ஒரு பேச்சுத்துணை. நாலடி தள்ளி நின்றாவது தினம் ஒருத்தன் வந்து, 'ஆயா, இந்த மாஸ்க்குக்கு நாடா தைச்சுத் தர்றீங்களா?' என்று கேட்டிருந்தால் போதும். தமிழ்நாடு முழுக்க மகளிர் குழுக்களிலே பெண்கள் மாஸ்க் தைத்தார்கள். ஊசியிலே நூல் கோத்தவர்களுக்குப் பொழுது போனதா இல்லையா என்று அவர்களையே கேளுங்கள்.

இதை நான் உத்திரமேரூரிலே நின்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இதோ பக்கத்திலே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலே பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 919, 921ஆம் ஆண்டுகளிலே வெட்டியது. குடவோலை என்றதும் தேர்தல், ஜனநாயகம் என்று டெல்லி வரைக்கும் பேசுகிறார்கள். பேசட்டும், பெருமைதான். நிலமும் வேதப் படிப்பும் இல்லாதவனுக்கு அதிலே இடமில்லை, பெண்களுக்கும் இல்லை என்பதையும் சேர்த்துப் பேசட்டும். எனக்கு அதிலே பிடித்தது வேறு. ஊரை முப்பது குடும்பாகப் பிரித்து, குடத்திலே ஓலை போட்டு எடுத்து, ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம் என்று ஆளுக்கு வேலை பிரித்தார்கள். 360 நாள் முடிந்தால் இறங்கிவிட வேண்டும். வேலை இன்னது, எத்தனை நாள் என்று ரெண்டையும் கல்லிலே வெட்டி வைத்த ஊர் இது. அடுத்த தொற்று வந்தால், வரும் என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள், தெருவுக்குத் தெரு குடவோலை போடுங்கள் ஐயா. இந்த வாரம் தனியாக இருக்கிற கிழவிகளுக்குச் சாமான் வாங்கித் தருவது இவன், போனிலே பேசுவது இவன், மாத்திரைச் சீட்டு வாங்குவது இவன், அடுத்த வாரம் வேறு ஓலை என்று.

நடக்குமா என்று எதிரணியிலே முனகுகிறார்கள். பாதி நடந்தது. 2021 செப்டம்பர் 12ஆம் தேதி தமிழ்நாடு முழுக்க மெகா தடுப்பூசி முகாம் போட்டார்களே, எங்கள் கிராமத்துப் பள்ளிக்கூடத்திலே பேர் எழுத, வரிசையிலே நிறுத்த, வராத கிழவன் கிழவிகளை வண்டியிலே கூட்டி வர ஆள் தேவைப்பட்டது. திண்ணையிலே தாயம் ஆடின அந்தப் பையன்களைத்தான் கூப்பிட்டோம். ஆளுக்கொரு நோட்டும் பேனாவும். காலையிலே ஏழு மணிக்கு வந்தவன்கள் சாயந்தரம்வரை மூக்குக்கு மேலே ஏறின மாஸ்க்கை இறக்கவில்லை. ஊசிக்குப் பயந்து மாட்டுக்கொட்டகையிலே ஒளிந்திருந்த ஒரு தாத்தாவை ஒருத்தன் இடுப்பிலே தூக்கிக்கொண்டு வந்தான். 'தள்ளி நில்லுங்க, தள்ளி நில்லுங்க' என்று என்னையே ரெண்டு தரம் விரட்டினான்.

முகாம் முடிந்தது. நர்சம்மா டப்பாவை மூடிக்கொண்டு வண்டி ஏறினார்கள். அரைமணி கழித்து டீக்கடைப் பக்கம் போனேன். ஆறு பேரும் ஒரே பெஞ்சிலே. மாஸ்க் எல்லாம் சட்டைப் பையிலே. என்னப்பா என்றேன். 'டூட்டி முடிஞ்சுடுச்சு சார்' என்றான். (சிரிப்பு)

மணி அடித்துவிட்டார்கள்.